சங்கு ஊதினால் நனையும் மூலை

“எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ண பொண்ணு ஊட்ல நாய் மூத்திர நாத்தம் அடிக்குது. ஒரு நாயத் திருத்தத் துப்பில்ல, நீ ஆபீஸ்ல போய் இன்னாத்தக் கிழிக்கிற?”

எங்கள் வீட்டுக்காரம்மா அலமேலம்மா இதைக் கேட்டபோது அவர் கையில் முறம் இருந்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். முறத்தைப் பார்த்துச் சொன்ன பேச்சுக்கு என்ன பதில் சொல்வது?

நான் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தேன். நாளெல்லாம் டைப் அடித்துத் தோள்பட்டை கல்லாகியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே அம்மா ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் சாணி உருண்டையுமாக நின்றாள். சீசர் என்கிற அந்த நாய் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இப்பவே சொல்லிட்டேன் கன்னிம்மா. ஆடியில நாங்க பெரியபாளையம் போய்ப் பொங்க வெச்சிட்டு வருவோம். அதுக்குள்ள இது திருந்தணும். இல்லாங்காட்டி எந் தம்பி லாரியில ஏத்திக்கினு போய் எளாவூர் செக் போஸ்ட்டத் தாண்டி எறக்கி உட்ருவான். அப்பால அது ஆந்திரா நாய். என்னக் கேக்கக் கூடாது.”

சொன்னதைச் செய்கிறவர் அவர். எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்கள் வளர்த்த பூனையும் குட்டிகளும் அப்படித்தான் எல்லை தாண்டின என்று தெருவில் சொல்வார்கள்.

வேறு வீடு பார்க்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். பார்த்தோம். நைனா என்று நான் கூப்பிடுகிற அப்பா படகை விட்டு வர மாட்டேன் என்று பழவேற்காட்டுப் பக்கமே இருந்துவிட்டார். ஆண் துணை இல்லாமல் ஒரு தாயும் வேலைக்குப் போகிற மகளும் என்றால், கும்மிடிப்பூண்டியில் அன்றைக்குக் கதவு திறந்தவர் அலமேலம்மா ஒருவர்தான். அதற்காகவே அவர் எதைச் சொன்னாலும் நான் வாயை மூடிக்கொள்வேன். வாயை மூடுவது எனக்குச் சுலபமாக வருகிற காரியமும் அல்ல.

பேச்சில் இல்லாத வரி

போன வாரம் எழுதியிருந்தேனே, புதிதாக வந்த தொழிற்பேட்டையில் கம்பி செய்கிற கம்பெனிக்கு முதல் நாள் போன கதை. அந்தக் கம்பெனியில் ஒரு இஞ்சினீயர் இருந்தார். தனி ஆள். குவார்ட்டர்ஸில் ஒரு நாயோடு இருந்தார். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது நாய் கேட் வரைக்கும் வரும். மாலையில் ஷிப்டு முடிகிற சங்கு ஊதினால் மறுபடியும் கேட்டுக்கு ஓடி வந்து நிற்கும்.

அவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. பிரிவு உபசாரப் பேச்சை நான்தான் டைப் அடித்தேன். மெஷின்களுக்கு நன்றி இருந்தது. மேனேஜருக்கு நன்றி இருந்தது. கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு நகைச்சுவை இருந்தது. நாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவர் ரயில் ஏறிய பிறகும் பூட்டின குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நாய் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். ஒருநாள் வாட்ச்மேனிடம், “இதுக்குச் சோறு யாரு வைக்கிறது?” என்று கேட்டேன்.

“யாரும்மா வைப்பாங்க? தொரை நாய். நம்ம சோறு துன்னாது.”

“வெச்சுப் பாத்தீங்களா?”

“எனக்கே ஊட்லேருந்து நாஷ்டா வர்றது இல்ல, நீ வேற.”

என் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த மீன் குழம்புச் சோற்றைக் கொட்டினேன். தின்றது. அன்று மாலை என் பின்னால் வந்தது. நான் கூப்பிடவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். கூப்பிட்டேன் என்பதுதான் உண்மை.

எல்லோரும் சொன்ன வைத்தியம்

குவார்ட்டர்ஸில் அந்த நாய் வீட்டுக்குள் அசிங்கம் செய்ததே இல்லை என்று அங்கே பெருக்குகிற அம்மாள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே ஆரம்பித்தது. தினமும் நடந்தது. பெரும்பாலும் நான் வேலையில் இருக்கும்போது, பின் கட்டின் அதே மூலையில். சில நாள் நான் உள்ளே நுழைந்த மாத்திரத்தில் என் காலடியிலேயே.

தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையும் ஒன்றுதான். மூக்கைப் பிடித்து அதிலேயே தேய். முதுகில் இரண்டு வை. அப்புறம் எப்படிச் செய்யும் பார்.

அம்மா துடைப்பத்தால் வைத்தாள். நான் மூக்கைத் தேய்க்கவில்லை. ஆனால் கத்தினேன். களைத்துப் போய் வருகிறவளுக்குக் கத்துவது ஒன்றுதான் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய காரியம். டிபன் பாக்ஸை அலமாரியில் டங்கென்று வைத்துவிட்டு, “மறுபடியுமா?” என்பேன். சீசர் காதை மடக்கி, வயிற்றைத் தரையில் ஒட்டி, அப்படியே இன்னொரு முறை ஒன்றுக்குப் போய்விடும்.

“திமிரப் பாத்தியா? ஒம் மூஞ்சியப் பாத்துக்கினே போவுது” என்பாள் அம்மா.

எனக்கும் திமிர் என்றே தோன்றியது. ஆனால் திமிர் பிடித்தவர்களை நான் ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாருக்கும் தொடை நடுங்கி நான் பார்த்ததில்லை.

தண்டவாளத் துண்டு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் குப்பத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் பெண் நான். முதல் பெண் என்பது சொல்லும்போதுதான் பெருமை. அந்த வயதில் அதற்கு அர்த்தம், கூட உட்கார ஆள் இல்லை என்பது. பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவார்கள். என் பாவாடையில் மீன் வாசம் இருந்திருக்கும். வீட்டில் யாருக்கும் அந்த வாசம் தெரியாது, எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

மணி என்று அங்கே எதுவும் இல்லை. தண்டவாளத் துண்டு ஒன்றைப் பூவரச மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இரும்புக் கம்பியால் அதை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பாவாடை நனைந்துவிடும். முதல் நாள் மட்டும் அல்ல. பல நாள். மணல் தரை என்பதால் காலால் மூடிவிடுவேன். வாத்தியார் பிரம்பைத் தூக்கினால் மூடிய இடத்திலேயே இன்னொரு தரம்.

இது நின்றதற்குக் காரணம் பிரம்பு அல்ல. அம்மா இறால் கூடையை விற்று முடித்து வந்து, நான் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிகிற மாதிரி பூவரச மரத்தடியில் குந்திக்கொண்டிருப்பாள். மணி அடிக்கப் போகிற நேரத்தில் எழுந்து நின்று முந்தானையை உதறுவாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததும் இல்லை. ஆனால் முந்தானையை உதறினால் சத்தம் வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்ட சத்தத்துக்குப் பயம் பாதிதான்.

இதையெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். ஞாபகம் வந்தது ஒரு காய்ச்சலில்.

பாயில் படுத்துப் பார்த்தது

ஆனி மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டது. வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக ஒரு வேலை நாளில் வீட்டில் படுத்திருந்தேன். கத்த முடியாது, எழுந்திருக்க முடியாது. பார்க்க மட்டும் முடிந்தது.

மதியம் சாய்ந்ததும் சீசர் எழுந்தது. கதவருகே போய்ப் படுத்து, தெருவையே பார்த்தது. அம்மா அடுப்படியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது.

அம்மாவின் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். சீசர் துள்ளி எழுந்து வாசலைப் பார்த்தது. இருவரும் ஒரே திசையில், ஒரே மாதிரி விறைத்து நின்றார்கள். தெருவில் சைக்கிள்கள் போயின. யாரும் உள்ளே வரவில்லை.

“இன்னாம்மா?” என்றேன்.

“ஒண்ணுல்ல. இந்தச் சனியன் கத்துனா எனக்கு வவுறு கலங்குது. கரையில இந்த மாரி நீட்டிக் கத்துனா படகு கவுந்துச்சின்னு அர்த்தம். இங்க தெனம் கத்துது.”

வந்து இத்தனை மாதமாகிறது. அவள் ஒரு நாளும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. மாலையில் வந்து சோற்றைத் தின்றுவிட்டுத் தோளைப் பிடித்துவிடச் சொல்வேன், அவ்வளவுதான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சீசர் அந்த மூலைக்குப் போயிற்று. தரையை மோந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி மோந்து, காலைத் தூக்கியது. அம்மா துடைப்பத்தை எடுத்தாள். அடித்து முடித்ததும், பெருமூச்சு விட்டுக்கொண்டு கூடையிலிருந்து சாணியை எடுத்துக் கரைத்து அந்த இடத்தை மெழுகினாள். அழகாக, அரை வட்டம் அரை வட்டமாக.

சாணி காய்வதற்குள் சீசர் மறுபடி வந்து அதே இடத்தை மோந்தது.

எனக்குக் குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது. அங்கே முழுக்க சிமென்ட் தரை. காலையில் இஞ்சினீயர் கதவைத் திறந்ததும் சீசர் நேராக மதிலுக்குப் பின்னால் மாடு மேய்கிற காலி மைதானத்துக்கு ஓடும். அதற்குத் தெரிந்த கக்கூஸ் அதுதான். மண்ணும் சாணியும் மணக்கிற இடம். எங்கள் வீட்டில் அந்த மூலையைத்தான் நாங்கள் தினமும் புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் சாணிக் கூடை

நாங்கள் பிறந்து வளர்ந்த கரையில் சாணி லேசில் கிடைக்காது. மணலில் மாடு ஏது? வெள்ளிக்கிழமைக்கு ஒரு கை சாணி வேண்டுமென்றால் அம்மா கரையை விட்டு உள்ளே இருக்கிற ஊர்ப் பக்கம் நடந்து போய், மீனைக் கொடுத்து வாங்கி வருவாள். கும்மிடிப்பூண்டியில் தெருவெல்லாம் மாடு. கேட்பார் இல்லாமல் சாணி கிடந்தது. இந்த ஊரில் அம்மாவுக்குப் பிடித்திருந்தது அந்த ஒன்றுதான். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், சீசர் செய்த ஒவ்வொரு தரமும், மெழுகிக்கொண்டே இருப்பாள்.

“உள்ள இனிமே சாணி வேணாம்மா” என்றேன்.

“இன்னாடி பேசற? காச்ச தலைக்கி ஏறிடிச்சா?”

“அது போவுற எடத்துல சாணி போட்டா அது மறுபடி அங்கியேதான் போவும்.”

“நாய் பேண்ட எடத்த மெழுவாம வெச்சா அது ஊடா? நாலு எழுத்து படிச்சிட்டு ஊட்டப் பொறம்போக்கு ஆக்கப் பாக்கற.”

“சாணியே வேணாம்னு சொல்லல. வெளிய போடு. வேலிப் பக்கம் போடு. உள்ள நான் பாத்துக்கறேன்.”

அன்று முழுக்க அம்மா கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. அவளிடமிருந்து நான் எதைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் இரண்டாவது விஷயத்தை அன்றைக்கே கேட்கவில்லை. அடுத்த நாள் கேட்டேன்.

“சங்கு ஊதறதுக்குக் கொஞ்சம் முன்ன அத்தக் கூட்டிக்கினு போய்ப் பின்னாடி படியில குந்திக்கிறியா?”

“நாய்க்கு நான் காவலா?”

“ரெண்டு பேருக்கும்தாம்மா.”

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, நண்டு ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “ஒனக்குக் குந்திக்கினு இருந்தேன். இதுக்குங் குந்தறேன். ஆனா ஒண்ணு, நீ சம்பளம் கொண்டாந்த. இது இன்னாத்தக் கொண்டாரப் போவுது?”

மண் வெட்டிய ஞாயிறு

மண் தரை குடித்த நாற்றம் கழுவினால் போகாது. வெந்நீர், சீயக்காய், சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்தேன். நமக்குத் தெரியாமல் போகும், அதன் மூக்குக்குத் தெரியும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை இரவல் வாங்கி அந்த மூலையைத் தோண்டினேன். ஈர மண்ணை எல்லாம் அள்ளி வேலியோரம் கொட்டினேன். ஏரிக் களிமண்ணும் சுண்ணாம்பும் போட்டு இடித்துக் கெட்டியாக்கினேன். கொட்டின மண்ணோடு அம்மா தன் பங்குக்குச் சாணியைப் போட்டு வேலியோரம் ஒரு திட்டு மெழுகினாள். கோபத்தில் மெழுகியதால் இன்னும் அழகாக வந்தது.

திங்கட்கிழமை கையில் கொப்புளங்களோடு டைப் அடித்தேன். அன்று அடித்த தாளை எல்லாம் மேனேஜர் திருப்பி அனுப்பினார்.

என்னையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அது கடப்பாரையைவிடக் கஷ்டம். வீட்டுக்குள் நுழையும்போது டிபன் பாக்ஸைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும். சீசர் முகத்தை நேராகப் பார்க்காமல், குனிந்து அதன் மேல் கவியாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்ட வேண்டும். உள்ளே ஏதாவது செய்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் கழுவ வேண்டும். ஒன்றும் சொல்லாமல் என்பது, முனகாமல், பாத்திரத்தை முட்டாமல். நாளெல்லாம் பிறர் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டிலும் நாய்க்குப் பயந்து நடக்க வேண்டுமா என்று பல நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சத்தமில்லாமல்தான் அதுவும்.

சட்டென்று ஒன்றும் மாறவில்லை. இடி இடித்தால் செய்தது. அலமேலம்மா குரல் உயர்ந்தால் செய்தது. ஆனால் அந்த மூலைக்கு அது போகவில்லை. சாயங்காலம் அம்மா எழுந்து முந்தானையை உதறினால் சீசர் எழுந்துகொள்ளும். இருவரும் பின் படியில் போய் உட்காருவார்கள். சங்கு ஊதும். அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். அதன் முதுகில் அவள் கை இருக்கும். ஊதி முடித்ததும் சீசர் வேலியோரத் திட்டுக்குப் போய்விட்டு வரும். அம்மா இறால் தலை ஒன்று கொடுப்பாள். இதை அவளே ஒருநாள் சொன்னாள். மற்ற நாளெல்லாம், “நானா? எனக்கு வேற வேல இல்ல?” என்பாள்.

லாரி வந்தது

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமேலம்மா குடும்பம் பெரியபாளையத்திலிருந்து லாரியில் வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் அவருடைய தம்பி. தெருமுனையிலிருந்தே ஆரன் அடித்துக்கொண்டு வந்தார். சீசர் பாயின் கீழே தலையை விட்டுக்கொண்டது.

அலமேலம்மா நெற்றி நிறையக் குங்குமமும் கையில் வேப்பிலைக் கொத்துமாக நேராக எங்கள் பகுதிக்கு வந்தார். பின்னால் தம்பி, தோளில் கயிற்றுச் சுருள்.

“இன்னா கன்னிம்மா, திருந்திச்சா, இல்ல ஏத்தட்டா?”

“நீங்களே பாருங்கக்கா.”

அவர் மூலைக்குப் போனார். வெறுங்காலால் தரையை அழுத்திப் பார்த்தார். குனிந்து மோந்தார். அவசர ஆர்டருக்காகக் கம்பெனியில் அந்த ஞாயிறும் ஷிப்டு இருந்தது; அந்த நேரம் பார்த்துச் சங்கு நேரமும் வந்துவிட்டது. இத்தனை புது ஆட்கள், ஆரன் சத்தம் வேறு. சீசர் நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றது. இங்கேயே விடப் போகிறது என்று நினைத்தேன்.

அம்மா எழுந்து முந்தானையை உதறினாள்.

நடுங்கிக்கொண்டேதான், ஆனால் சீசர் நடந்தது. கயிற்றோடு நின்ற தம்பியின் காலை உரசிக்கொண்டு, அம்மாவின் பின்னால் போயிற்று. சங்கு ஊதி முடியும் வரை இருவரும் படியில் இருந்தார்கள். பிறகு அது வேலியோரம் போய், எல்லோரும் பார்க்கக் காலைத் தூக்கியது. வெகு நேரம் ஒன்றுக்குப் போயிற்று.

“அடேங்கப்பா, லாரித் தண்ணி கணக்காப் போவுதே நைனா” என்றார் தம்பி. கயிற்றை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அலமேலம்மா சிரிக்கவில்லை. மூலையைக் காலால் இன்னொரு முறை தட்டினார். “இங்க மண்ணு வேறயா கீது. யாரக் கேட்டு எந் தரையத் தோண்டுன?”

கையிலிருந்த கொத்தில் ஒரு வேப்பிலைக் கிளையைக் கிள்ளி எங்கள் நிலைப்படியில் செருகிவிட்டு, பொங்கல் ஆறிப் போகிறது என்று தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

இன்னொரு பேச்சு

இவையெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. சீசருக்கு மூக்கின் மேல் நரைத்திருக்கிறது. சங்கு இப்போதும் ஊதுகிறது. அம்மா இப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

சென்ற வாரம் ஆபீசில் இன்னொரு பிரிவு உபசாரப் பேச்சு டைப் அடிக்க வந்தது. மாற்றலாகிப் போகிறவர் ஸ்டோர்ஸ் அதிகாரி. அவர் வீட்டிலும் ஒரு நாய் உண்டு, செம்பட்டைப் பெட்டை. பேச்சை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாக அடித்தேன். மெஷின்களுக்கு நன்றி. மேனேஜருக்கு நன்றி. வேறு ஒன்றும் இல்லை.

தாளை உருவி மேனேஜர் மேஜையில் வைத்தேன். அதிகாரி ரயில் ஏறிய அன்று, மாலைச் சங்குக்கு முன்பாகவே அனுமதி கேட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸ் பக்கம் போனேன். பூட்டின வாசலில் செம்பட்டை நாய் கிடந்தது. இந்தத் தடவை கூப்பிடவில்லை என்று யாரிடமும் சொல்லப் போவதில்லை என்பதால், கையோடு ஒரு கயிறு கொண்டு போயிருந்தேன்.

பின் வேலி வழியாகத்தான் அழைத்து வந்தேன். அம்மாவும் சீசரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். செம்பட்டை நாய் அவர்களைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டது.

“இன்னொண்ணா?” என்றாள் அம்மா.

நான் டிபன் பாக்ஸைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தேன். அம்மா என்னையும் அதையும் பார்த்தாள். பிறகு, படியில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.